சேற்றுத் திட்டில் நின்ற வாத்தியார்

இந்திராணி ஐந்தாவது முறை அழைத்தபோதுதான் கணவரின் போன் எங்கே ஒலிக்கிறது என்று தெரிந்தது. அது படகுக்குள்ளேயே, சாப்பாட்டு மேசையில், நேற்றைய நாளிதழுக்கு அடியில் இருந்தது.

"பாத்தியா தேவா? போன இங்கயே வச்சிட்டுப் போயிருக்காரு உங்க மாமா."

"வந்துருவாரு லா, அக்கா." அவள் தம்பி தேவேந்திரன் முன்தளத்தில் கட்டிய தூளியில் படுத்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் விருந்தாளியாக வந்தவனுக்கு இது மூன்றாவது வாரம்.

அந்தப் படகு ஆளை அப்படித்தான் ஆக்கிவிடும். பூகோள வாத்தியார் சந்தானசாமி ஓய்வு பெற்றதும் வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, 'வளர்பிறை' என்ற பழைய பாய்மரப் படகில் மனைவியோடு குடியேறினார். மலேசியாவின் பேராக் கரையில், படகுகள் கட்டி நிற்கும் ஒரு மரினா. உலகைச் சுற்றப்போவதாகத்தான் பேச்சு. பதினான்கு மாதமாகியும் படகு கட்டிய இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. காலையில் தளத்தில் காப்பி, பதினொரு மணிக்குக் குளியல், மதியம் தூக்கம், சாயங்காலம் அடுத்த படகுக்காரரோடு காற்று எந்தப் பக்கம் என்று விவாதம். பாய் ஏற்ற வேண்டிய கயிற்றில் இந்திராணியின் கைலிகள் காய்ந்தன. தளத்தில் மிளகாய்ச் செடி காய்த்தது.

வாத்தியாருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் ஈயம் ஏற்றிப்போன சீனக் கப்பல் ஒன்று நான்கு மைல் தொலைவிலுள்ள சேற்றுத் திட்டில் புதைந்து கிடக்கிறது என்று பழைய வரைபடங்களைப் பார்த்து முடிவு செய்திருந்தார். மரினாவே அதைக் கேட்டுச் சிரித்தது. கடல் மிக அதிகமாக வற்றும் நாளில்தான் அந்தத் திட்டு முழுதாக வெளியே தெரியும். இன்று அந்த நாள். ரப்பர் படகில் காலை ஒன்பதுக்குக் கிளம்பியவர் பன்னிரண்டுக்குத் திரும்புவதாகச் சொன்னார். இப்போது மணி ஒன்று.

ஓத அட்டவணையை விரலால் தேடிப் பார்த்தாள் இந்திராணி. பன்னிரண்டரைக்கே கடல் ஏறத் தொடங்கிவிட்டது. மூன்றரைக்குத் திட்டின் மேல் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும்.

"எந்திரிடா. படக எடு."

"இந்தப் படகயா?"

"வேற எந்தப் படகு இருக்கு நம்மகிட்ட?"

மிளகாய்ச் செடிகள் உள்ளே போயின. கைலிகள் பிடுங்கப்பட்டன. கட்டுக் கயிறுகளை அவிழ்த்து நகரும்போது பக்கத்துப் படகு லிம் கையை ஆட்டிக்கொண்டு படகுத்துறை மேடையில் ஓடிவந்தார். கரையிலிருந்து வரும் மின்சார வயரைக் கழற்றவே இல்லை. தேவா தாவிக் குதித்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பத் தாவி ஏறினான்.

இயந்திரம் உறுமியது. படகோ ஊர்ந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சா அக்கா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பதினாலு மாசமா அடியில கொட்டலசுச் சிப்பியும் பாசியும் அப்பிக் கிடக்குல்ல? ஒரு தோட்டத்தையே இழுத்துக்கிட்டுப் போறோம். சுரண்டுங்க, சுரண்டுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

நாற்பது நிமிடப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாக நீண்டது. பாதி வழியில் தேவா சுக்கானை விட்டு எழுந்து நின்றான். ரப்பர் படகு எதிரே மிதந்து வந்தது. ஒரு பக்கம் கிழிந்து காற்று இறங்கியிருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டிலும் அவருடைய தொப்பியும் மட்டும் கிடந்தன.

அதற்குப் பிறகு இந்திராணி யாரையும் திட்டவில்லை.

இரண்டே காலுக்குத் திட்டு தெரிந்தது. பழுப்புச் சேற்றின் நடுவே ஓர் ஆள் தொடை வரை புதைந்து நின்றிருந்தார். அவரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் பளபளத்துக்கொண்டு நெருங்கியது. படகால் அதற்கு மேல் போக முடியாது, தரை தட்டும். நங்கூரம் இறங்கியது.

"நான் நீந்திப் போறேன் அக்கா."

"தண்ணி முடிஞ்சு சேறு வந்தா என்னா செய்வ? நீயும் நட்ட மரமா நிப்ப. அந்த ஏறுபலகையக் கொடு."

மேடைக்கு இறங்கப் பயன்படும் நீளப் பலகை அது. சின்ன வயதில் அவள் ஊர்க் கடற்கரையில் கெராங் சிப்பி பொறுக்குகிறவர்கள் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்திச் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். பலகையின் தலையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தேவாவிடம் தந்துவிட்டுக் குதித்தாள். தண்ணீர் இருந்த வரை பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டாள். சேறு வந்ததும் முழங்காலை ஊன்றி உந்தினாள். இரண்டு முறை கவிழ்ந்தாள். வாய்க்குள் உப்புச் சேறு.

"இந்திரா," என்றார் வாத்தியார், வகுப்புக்குத் தாமதமாக வந்த பிள்ளையைப் பார்த்ததுபோல. "நான் சொன்னேன்ல? இருக்கு."

அவர் இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு கறுத்த ஈயக் கட்டி தொங்கியது. கை நழுவிப் போய்விடக்கூடாதென்று கட்டிக்கொண்டாராம். அந்தப் பாரம்தான் அவரை அடிக்கு அடி கீழே இறக்கியிருந்தது.

"அவுருங்க அத."

"ஒரு வருஷமா சிரிச்சானுங்க இந்திரா. இத வுட்டுட்டுப் போனா சாவுற வரைக்கும் சிரிப்பானுங்க."

"இப்ப சாவப் போறீங்க. அதுக்கு மேல சிரிக்க என்னா இருக்கு?"

தண்ணீர் அவர் தொடையைத் தொட்டது. இந்திராணி பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சில் கை வைத்தாள். அது ஈரத்தில் இறுகிக் கிடந்தது, நகம் பெயர்ந்தது. ஒருவழியாக அவிழ்ந்ததும் தூக்கி எறியத்தான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அறுபத்தொரு வயது முகம், அழுவதற்குத் தயாராக.

"சரி, சனியன்," என்று அதைப் பலகையின் வால் பக்கம் கட்டினாள். "மொதல்ல நீங்க. பலகையில குப்புற படுங்க. கால ஆட்டி ஆட்டி எடுங்க, இழுக்காதீங்க."

அவளும் அவர் முதுகின் மேல் கவிழ்ந்து பலகையை இறுகப் பிடித்தாள். "சுத்துடா தேவா," என்று கத்தினாள்.

பாய்க்கயிறு சுற்றும் உருளையில் தேவா கயிற்றைச் சுற்றினான். முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு சேறு 'ப்ளக்' என்று வாத்தியாரை விட்டது. ஒரு செருப்பை மட்டும் வைத்துக்கொண்டது. பலகை நகர்ந்தது. பின்னால் ஈயம் சேற்றை உழுதுகொண்டு வந்தது.

மாலையில் மரினாவே மேடையில் கூடியது. லிம் கட்டியைச் சாவியால் சுரண்டிப் பார்த்தார், வெள்ளியாய் மின்னியது. சிரித்தவர்கள் கை கொடுத்தார்கள். தலைமுடியில் சேறு காய, வாத்தியார் பாடம் எடுத்தார்.

"இன்னும் பத்துக் கட்டியாவது அங்க இருக்கும் இந்திரா," என்றார் எல்லாரும் போன பிறகு.

"இருக்கட்டும். அடுத்த தடவ நானும் வருவேன். எத்தன மணிக்கு திரும்பணும்னு நான்தான் சொல்லுவேன்."

அவர் தலையாட்டினார். புதையல் தேடப் போகிறவர் வழியைத் தெரிந்துகொண்டால் போதாது. திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். அவர் அதைக் கடைசி வரை சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு அவரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பலகையும் கயிறும் போதுமாக இருந்தன.