கரையாத சுமை

கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் நறுமுகை பார்த்த வேலை, பிறர் செய்த தவறுகளுக்காக வருந்துவது.

திருச்சி தில்லைநகரில் இருந்த சுமைமாற்று நிலையத்தில் அவளைப்போல நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. உணவுப் பொட்டலங்களை ஆளில்லாப் பறப்பிகள் கொண்டுபோயின. கடைக் கல்லாக்களில் இயந்திரங்கள் உட்கார்ந்துவிட்டன. படிக்கிற பிள்ளைகளுக்கென்று மிச்சமிருந்த தற்காலிக வேலை இது ஒன்றுதான். இயந்திரங்களுக்கு வருந்தத் தெரியாது.

வாடிக்கையாளர் ஓர் அறையில் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு படுப்பார். பெயர்ப்பி என்ற கருவி அவர் மனதிலிருந்து குற்றவுணர்வை மட்டும் உருவி, வேறோர் அறையில் படுத்திருக்கும் நறுமுகை போன்ற ஒரு தாங்கிக்கு ஏற்றும். என்ன தவறு, யார் செய்தது என்பதெல்லாம் தாங்கிக்குத் தெரியாது. நெஞ்சில் ஒரு கனம் மட்டும் வந்து உட்காரும். சம்பந்தமில்லாத உடம்பு என்பதால் பத்து நாளில் தானாகக் கரைந்துவிடும். அதுவரை தாங்கி வகுப்புக்குப் போகலாம், பரீட்சை எழுதலாம்.

இந்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் மிருதுளா. விடுதியில் அறைத்தோழி. இருவரும் நீர்வேதியியல் இறுதியாண்டு.

"நீ எப்படியும் எல்லாத்துக்கும் அழுவ. அதுக்குக் காசு தர்றாங்கன்னா போயேன்டி" என்று சிரித்தபடி விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். முதல் நாள் நிலையத்து வாசல்வரை கூடவே வந்தாள். ஒருமுறை ஏற்றிய சுமை தாளாமல் நறுமுகை இரண்டு நாள் சுருண்டு கிடந்தபோது, ரசம் சாதம் பிசைந்து ஊட்டியவளும் அவள்தான். தாங்கிகளின் பெயர்களை நிலையம் ரகசியமாக வைத்திருந்தது. நறுமுகை என்ன வேலை பார்க்கிறாள் என்பது மிருதுளாவைத் தவிர யாருக்கும், வீட்டாருக்குக்கூட, தெரியாது.

மார்ச் மாதத்தில் நீராய்வுக் கூடம் ஒன்றில் நிரந்தர இடம் ஒன்று வந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வில் நறுமுகை முதலிடம். நேர்முகத்தில் அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்க தாங்கி வேலை பாக்குறதா தகவல் வந்திருக்கும்மா. யாரோட மனசையோ சுமந்துகிட்டு தண்ணி சோதனை பண்ணா, அந்த முடிவ நாங்க எப்படி நம்புறது?"

"யார் சார் சொன்னா?"

"அதச் சொல்லக்கூடாதும்மா."

நிலையத்திலிருந்துதான் யாரோ கசியவிட்டிருப்பார்கள் என்று நறுமுகை நினைத்துக்கொண்டாள். இடம் மிருதுளாவுக்குக் கிடைத்தது. அன்று விடுதியில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தது நறுமுகைதான். மிருதுளா அவளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பரீட்சை முடிந்ததும் கூடத்தின் குடியிருப்புக்குப் போய்விட்டாள். நறுமுகை விடுதியிலேயே தங்கி வேறு வேலை தேடினாள்.

அடுத்ததாக ஏறிய சுமை விசித்திரமாக இருந்தது. பேருந்தில் ஒன்றுமில்லை, நூலகத்தில் ஒன்றுமில்லை. காலையில் தலைவாரக் கண்ணாடிமுன் நின்றால் மட்டும் நெஞ்சை அடைத்தது. யாருடைய கழுத்தையோ நெரித்துவிட்டு வந்தவள்போல அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து நாள் இருபது நாளாயிற்று. கனம் கூடத்தான் செய்தது.

நிலைய மேற்பார்வையாளர் சகாயராஜ் அவளைச் சோதித்துவிட்டு அளவுமானியைத் தள்ளி வைத்தார்.

"கண்ணாடியப் பாத்தா மட்டுமா?"

"என் போட்டோவப் பாத்தாலும் வருதுண்ணே."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "குற்றவுணர்வு எல்லா நேரமும் பொங்காதும்மா. யாருக்குத் துரோகம் பண்ணாங்களோ, அவங்க முகத்தப் பாக்கும்போதுதான் பொங்கும்."

நறுமுகைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப இது எனக்குப் பண்ண துரோகமா?"

"ஒரே வயசு, ஒரே மாதிரி வாழ்க்கையா பாத்துத்தான் பெயர்ப்பி ஆள் பொருத்தும். தெரிஞ்ச ரெண்டு பேரையே பொருத்திடும்னு எங்களுக்குத் தோணல."

"இத எடுத்துடுங்கண்ணே."

"ஒரு தடவதான் வேற ஆளுக்கு மாத்த முடியும். குடுத்தவங்களே திருப்பி வாங்கிக்க சம்மதிச்சா உண்டு." அவர் குரல் தணிந்தது. "உங்கிட்ட இது கரையாதும்மா. உன் முகத்த நீ பாக்காம இருக்க முடியுமா?"

கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அவள் தாங்கி என்று தெரிந்தவள் ஒருத்திதான் என்பதால் அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் மதியம் நீராய்வுக் கூடத்துச் சிற்றுண்டிச் சாலையில் மிருதுளா வெள்ளை அங்கியோடு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏய் முகை! என்னடி இப்படி இளைச்சுட்ட?"

"நான் தாங்கின்னு இங்க சொன்னது நீதானே?"

"ஆமா" என்றாள் மிருதுளா, மணி கேட்டால் சொல்வதுபோல. "அப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுடி. தூக்கமே வரல. சொல்லிடலாம்னு ரெண்டு தடவ விடுதி வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். அப்புறம் நிலையத்துல போய் இறக்கிட்டேன். இப்ப ஒண்ணுமே இல்ல."

"அது என்கிட்டதான் ஏறியிருக்கு."

மிருதுளாவின் புருவம் உயர்ந்தது. அதில் வியப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை. "அய்யோ, பாவம்டி நீ."

"திருப்பி வாங்கிக்க மிருது. வேலை உனக்கே இருக்கட்டும். இத மட்டும் வாங்கிக்க."

"அத வச்சுகிட்டு நான் எப்படிடி இங்க உக்காந்து வேலை பாக்குறது?"

அவள் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

நறுமுகை பேருந்தில் வரும்போதே திட்டுவதற்கான சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திட்டுவதற்கு, தவறு தன்மீது இல்லை என்று நெஞ்சு சொல்ல வேண்டும். அவள் நெஞ்சில் இருந்ததோ துரோகம் செய்தவளின் நெஞ்சு. கண் நிறைந்து வழிந்தது. தோழியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிடுடி."

மிருதுளா அந்தக் கையை அன்போடு தட்டிக் கொடுத்தாள்.

"விடு முகை. நான் எதையும் மனசுல வச்சுக்கல."