நனைந்த கல்வேலி

ஆவணி வெயிலுக்கு நெடுந்தீவில் ஓணான்கூடக் கல்லுக்கடியில்தான் கிடக்கும். அப்படிக் காய்கிற பகலில், சாந்தில்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய யூலியட்டின் வேலியில் ஒரு பாகம் மட்டும் நனைந்திருந்தது. மாடு இடித்துத் தள்ளிய இடைவெளியைப் போன மாதம் அவள்தான் அடைத்தாள், பழைய கோட்டையிலிருந்து கல் கொண்டுவந்து. புருஷன் டிலோன் மன்னாரில் தொழிலுக்குப் போயிருந்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்க ஆளில்லை.

மற்ற இடுக்குகளால் கடற்காற்று ஊதிக்கொண்டு வரும். அந்தப் பாகத்தால் காற்று வரவில்லை. காதை வைத்தால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது, கனகாலம் பூட்டிக்கிடந்த அறையின் புழுங்கல் மணமும் மெல்ல வந்து மூக்கில் ஒட்டியது. அன்று மத்தியானம் பார்த்தால், ஆறு வயது மகள் நிலக்சனா தான் குடிக்கிற கோப்பையை அந்தக் கல்லிடுக்கில் சரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்குப் பிள்ளை தண்ணி ஊத்துறாய்?"

"உள்ளுக்கு இருக்கிற அன்ரிக்கு. அவவுக்குத் தண்ணி விடாயாம். நான் தண்ணி குடிச்சனியோ எண்டும் கேக்கிறவ."

யூலியட் கோப்பையைப் பிடுங்கி எறிந்தாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அன்னமுத்துவிடம் ஓடினாள்.

அன்னமுத்து கேட்டுவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக் குதிரைகளுக்குத் தண்ணீர் அள்ளியவள் ஒருத்தி, பஞ்சத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீரைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். அவளை அறைக்குள் தள்ளி வாசலைக் கல்லால் அடைத்தார்கள். பிள்ளை வெளியே கிடந்து அழுது, பிறகு அழுகையும் நின்றுபோனதாம். அந்த வாசற்கல்லை ஊரில் ஒருவரும் தொடுவதில்லை. எழுவைதீவிலிருந்து வாழ வந்த யூலியட்டுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சுகமாகக் கழற்றலாம் என்று அந்த வாசலில்தான் கை வைத்திருந்தாள்.

"வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டிட்டாய்," என்றாள் அன்னமுத்து. "அவ உன்ர பிள்ளையைத்தான் கேப்பா. பொழுதுபட முன்னம் கல்லை இருந்த இடத்தில வைச்சிட்டு வா."

கூட வாருங்கோ அக்கா என்றதற்கு மட்டும் கால் வலி என்றாள். பிள்ளையையும் அவளிடம் விட யூலியட்டுக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் நிம்மதி. கல்லைத் தள்ளுவண்டிலில் ஏற்றினாள், நிலக்சனாவைத் தண்ணீர்ப் போத்தலோடு கூட்டிக்கொண்டு போனாள்.

கோட்டை பாதிக்கு மேல் இடிந்து கிடந்தாலும் அந்த அறைக்குக் கூரை இருந்தது. வாசலுக்குள் இருட்டு. யூலியட் உள்ளே பார்க்கவில்லை. மகளைத் தனக்குப் பின்னால் பூவரசு நிழலில் இருத்தி, அசையாமல் பாட்டுப் பாடு, எனக்குக் கேட்கவேணும் என்றாள். பிள்ளை மறைக்கல்விப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். யூலியட் சிலுவை போட்டுக்கொண்டு கல்லைத் தூக்கினாள்.

ஒவ்வொரு கல்லும் தன் இடம் தெரிந்ததுபோல் போய் உட்கார்ந்தது, வெயிலில் வந்தும் காயாத அந்த ஈரக்கல்லில் விரல் வழுக்க வழுக்க, முழங்காலளவும் இடுப்பளவும் கடந்து சுவர் நெஞ்சுக்கு ஏறியபோது, முதுகுக்குப் பின்னால் கேட்ட பாட்டு கொஞ்சம் தூரமாகிவிட்டதாக அவளுக்குப் பட்டது. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம்தானே.

கடைசிக் கல்லை வைத்தாள்.

இருட்டியது.

பொழுது இன்னும் படவில்லையே. வெளிச்சம் கல்லிடுக்குகளால் வந்தது. முன்னாலிருந்து. பாட்டும் முன்னால். கல்லுக்கு அந்தப் பக்கம்.

பின்னால் கை நீட்டினாள். சுவர்.

சாந்தில்லாத கல். இப்போதுதான் வைத்த கல். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. நிலா, நிலா என்று கத்தினாள். பாட்டு நிற்கவில்லை.

இடுக்கில் கண்ணை வைத்தாள். பூவரசை நோக்கி ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். யூலியட்டின் பூப்போட்ட சட்டை. யூலியட்டின் பின்னல்.

"தண்ணி குடிச்சனியோ, பிள்ளை?"

குரலும் யூலியட்டினதுதான்.

"ஓம் அம்மா."

நிலக்சனா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டடி போனவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். தெரிந்துவிட்டது, என் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று யூலியட் விம்மினாள்.

போத்தல் வாய் இடுக்கில் பொருந்தியது.

"இந்தாங்கோ அன்ரி. நானும் அம்மாவும் வீட்டை போறம்."

தண்ணீர் கல்லில் வழிந்து இறங்கியது.

யூலியட்டுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கல்லில் வாயை வைத்தாள்.