பெடல் படகும் ஓர் இஞ்சு டேப்பும்

கயாக் என்றால் ஒல்லியான நீளப் படகு, செல்லங்களே. துடுப்புப் போட்டுத்தான் அதை ஓட்டுவார்கள். ஆனால் வாத்துவின் அம்மா வாங்கி வந்த புதுக் கயாக்கில் சைக்கிளில் இருப்பது போலப் பெடல் இருந்தது.

வாத்து ஒரு சிறுமி. எந்நேரமும் தண்ணீரிலேயே கிடப்பதால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா ஏரிக்கரையில் படகுகளை வாடகைக்கு விடுகிறவர்.

படகின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாகப் பெடலை இறக்கி, இரண்டு பக்கமும் கொக்கி போட வேண்டும். மேலே மிதித்தால், கீழே தண்ணீருக்குள் ஒரு விசிறி சுற்றும். படகு ஓடும். வேண்டாதபோது பெடலை அப்படியே தூக்கி வெளியே எடுத்துவிடலாம். எடுக்கும்போது கை நழுவினால் போச்சு, கல்லு மாதிரி மூழ்கிவிடும். அதனால் பெடலைப் படகோடு சேர்த்துக் கட்ட ஒரு சிவப்புக் கயிறும் உண்டு.

அன்றைய முதல் சவாரி தையல் மாமாவுக்கு. கீழே விழுந்ததில் அவருடைய வலது தோள் கெட்டுவிட்டது. துடுப்புப் போட முடியாது. சாயங்காலமானால் கரையில் வந்து உட்கார்ந்து, மற்றவர்கள் படகில் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து, பெடல் படகு வேண்டும் என்று அம்மாவை நச்சரித்ததே வாத்துதான்.

"இது ஒண்ணுதான் இருக்கு. பெடல் போச்சுன்னா உன் தையல் மாமா மறுபடி கரையிலதான் உட்காரணும், பார்த்துக்கோ" என்றார் அம்மா. "கயிறு மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சும்மா." திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள் வாத்து.

வாத்து ஒரு துடுப்போடு முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் தையல் மாமா, கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்சு டேப்போடு.

"ஏரியில யாருக்கு மாமா அளவெடுக்கப் போறீங்க?"

"மீனு ஏதாவது ஜாக்கெட் கேட்டா என்ன பண்றது?" என்று மிதிக்கத் தொடங்கினார். "அட, இது என் மெஷினேதான்."

காலம் முழுக்கத் தையல் மெஷின் மிதித்த கால்கள். படகு பறந்தது. "மெதுவா, மாமா" என்று வாத்து சொன்னது காற்றில் போயிற்று. எதிர்க்கரைப் பாறைகளின் பக்கம், நீர்க்கொடிகள் அடர்ந்த இடத்துக்குள் படகு நேராகப் புகுந்தது.

பெடல் இறுகியது.

"கேப்டனம்மா, நகர மாட்டேங்குது." தையல் மாமா இன்னும் அழுத்தி மிதித்தார். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"மிதிக்காதீங்க மாமா."

"இன்னும் ஒரு மிதி, வந்துடும்."

"நூல் சிக்கினா மெஷினை மிதிப்பீங்களா?"

தையல் மாமாவின் கால்கள் அந்தரத்தில் நின்றன.

"மாட்டேன்" என்றார் மெல்ல. "ஊசி உடைஞ்சிடும்."

"இதுக்குள்ள பல்சக்கரம் உடைஞ்சிடும்."

காற்று வலுத்திருந்தது. படகு பக்கவாட்டில் பாறையை நோக்கி நகர்ந்தது. வாத்து வேகமாகத் துடுப்புப் போட்டாள். கொடி விடவில்லை. உயிர்காப்புச் சட்டையில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள். தூரத்தில் அம்மா இன்னொரு படகை நோக்கி ஓடுவது தெரிந்தது. ஆனால் அம்மா வருவதற்குள் பாறை வந்துவிடும். விசிறி பாறையில் மோதினால் நொறுங்கிவிடும்.

இப்போதே வெளியே எடுத்தாக வேண்டும்.

அவள் திரும்பி மண்டியிட்டு, கொக்கிகளைக் கழற்றக் கை நீட்டினாள். அப்படியே உறைந்தாள். கயிறு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

தலையைத் தூக்கி, புறப்பட்டு வந்த கரையைப் பார்த்தாள். ஈர உயிர்காப்புச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவை தொங்கிய கொடிக்கயிறு சிவப்பாக இருந்தது. காலையில் அவளேதான் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கட்டினாள்.

சொல்லாமல் கெட்டியாகப் பிடித்துத் தூக்கிவிடலாமா? கை ஈரம். வழுக்கிவிடும்.

"மாமா, கயிறு மாட்டலை. சட்டை காயப் போட நான்தான் எடுத்தேன். அம்மாகிட்டயும் சும்மா சொல்லிட்டேன்."

தையல் மாமா பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. இப்ப என்ன பண்ணலாம்?"

வாத்துவின் பார்வை அவர் கழுத்துக்குப் போனது.

"உங்க டேப்பைக் குடுங்க."

"இதையா? இது கழுத்துல இல்லாம நான் தூங்கினதுகூட இல்லம்மா."

"மாமா."

கழற்றிக் கொடுத்தார். அவள் ஒரு முனையைப் பெடலின் கம்பியிலும், மறுமுனையை இருக்கையின் வளையத்திலும் கட்டினாள். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"இடது கையால துடுப்பைப் பிடிச்சுப் பாறையைத் தள்ளிக்கிட்டே இருங்க."

கொக்கிகளைக் கழற்றி இழுத்தாள். கொடி பிய்ந்தது. கொத்துக் கொடியோடு பெடல் மேலே வந்தது. வெளியே நீட்டிப் பிடித்து, விசிறியில் சுற்றியதைச் சுற்றிய வழியே பிரித்தாள். கடைசிக் கொடி கழன்ற நேரம், படகு பாறையில் மோதிக் குலுங்கியது.

கை நழுவியது.

தொப்பென்று விழுந்தது பெடல். டேப் சரசரவென்று அதன் பின்னால் ஓடி, விறைத்து நின்றது. வாத்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாற்பத்தொண்ணு" என்றார் தையல் மாமா.

"என்னது?"

"நாற்பத்தோரு அங்குல ஆழத்துல நிக்குது. அறுந்து போகலை, இழு."

அவள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். நாற்பது. முப்பத்தைந்து. இருபது. விசிறி தண்ணீருக்கு மேலே தலை நீட்டியதும், இரண்டு கைகளாலும் வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு துடுப்புப் போட்டு, கொடியில்லாத ஆழத்துக்கு வந்தார்கள். பெடலை இறக்கிக் கொக்கிகளை மாட்டினாள்.

"பட்டுத்துணி தைக்கிற மாதிரி மிதிங்க, மாமா."

அவர் அப்படியே மிதித்தார். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. பாதி ஏரியில் அம்மாவின் படகு எதிரே வந்தது. அம்மா முதலில் இருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு பெடலில் கட்டியிருந்த டேப்பைப் பார்த்தார்.

"கயிறு எங்கடி?"

"கரையில, சட்டை காயப் போடக் கட்டியிருக்கேன். பார்க்காமயே மாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன்மா."

அம்மா தன் படகைத் திருப்பினார். "கரைக்கு வா. முதல்ல பெடலை நல்ல தண்ணியில கழுவு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஆனால் கரை வரைக்கும் பக்கத்திலேயே வந்தார்.

கரையில் தையல் மாமா ஈர டேப்பை உதறி, பழக்கதோஷத்தில் தன் இடுப்பை அளந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தியா, ஒரே சவாரியில ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு. நாளைக்கும் வரேன்."

டேப்தான் இழுபட்டு நீண்டிருந்தது என்று வாத்துவுக்குத் தெரியும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

"டேப் நீண்டதை நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று தனக்குள் முணுமுணுத்தபடி, சிவப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து பெடலில் கட்டினாள் வாத்து. கட்டிவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும்.