எல்லா விளக்கும் பச்சை

இப்போதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியர்கள் "புரியுதா?" என்று கேட்பதில்லை. மாணவரின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் புரிமானி மூளையின் துடிப்பைப் படித்து மேசை விளக்கை எரிய வைத்துவிடும். புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் ஒரே குரலில் பாடிவந்த "புரியுது மேடம்" என்ற பொய்க்கு அத்தோடு வாய்க்கரிசி போட்டாயிற்று.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளரான சுடர்க்கொடிக்கு இதில் கொள்ளை மகிழ்ச்சி. ஒரே ஒரு விளக்கு சிவந்தாலும் அங்கே போய் உட்கார்ந்து, பச்சையாகும் வரை விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பாள். பாடம் நத்தையாக நகரும். ஒருநாள் முதல்வர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் உங்களுக்கு மதிப்பீடும்மா. ஒளியலைப் பாடம். சரியா வரலன்னா வேலைய நீட்டிக்க என்னால முடியாது."

உள்ளே இருந்த முதுகலை இறுதியாண்டுப் பிள்ளைகளின் காதில் அது விழுந்தது. ஜோவிட்டா அன்றைக்கே எல்லோரையும் நூலகத்தில் கூட்டினாள். "மேடத்துக்கு வேலை போயிரக் கூடாதுல்லா. நாமளே படிச்சிட்டுப் போயிருவோம்." ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, பாடத்தைக் கரைத்துக் குடித்தார்கள்.

மதிப்பீட்டன்று சுடர்க்கொடி நுழையும்போதே அறை முழுக்கப் பச்சை. பாடம் முடியும்வரை ஒன்றுகூடச் சிவக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் மதிப்பீட்டு இயந்திரத்தின் முடிவு வந்தது. "தொடக்கத்தில் பச்சை, முடிவிலும் பச்சை. கற்பித்தல் நிகழவில்லை." சிவப்பு பச்சையாக மாறுவதைத்தான் மதிப்பீடு கணக்கில் எடுக்கும் என்பது அந்தப் பாசக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மனசு கேட்காமல் முதல்வர் இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தார். ஆனால் விதிப்படி பாடம் அதேதான்.

மறுமதிப்பீட்டன்று ஜோவிட்டாவின் கண் கலங்கியிருந்தது. "மறக்கப் பாத்தோம் மேடம், முடியல. நாங்களே உங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டோம்."

சுடர்க்கொடி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தனக்காக இப்படி விழுந்து விழுந்து படிக்கும் வகுப்பு எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்? வேலை போனால் போகட்டும் என்றுகூட அந்த நிமிடம் தோன்றியது.

"நீங்க எதையும் மறக்க வேண்டாம்" என்றவள், காலி மேசையிலிருந்த புரிமானியை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசிரியருக்கு எல்லாம் புரியும் என்ற நம்பிக்கையில் அதுவரை யாரும் ஆசிரியரை அளந்ததில்லை. "ரெண்டு ஒளியலை சேர்ற எடத்துல இருட்டாகுதுல்லா, அங்க உள்ள ஆற்றல் எங்க போகுது? கணக்குப் போட்டுக் காட்டிருவேன். மனசுல மட்டும் உக்கார மாட்டேங்கு."

விளக்கு சிவந்தது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஜோவிட்டா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கப்பா உப்பளத்துல உப்ப வாரி வரப்புல குவிப்பாங்க மேடம். பாத்தி காலியாயிரும். அதுக்காக உப்பு காணாமப் போச்சா? வரப்புல கூடியிருக்கும். அது மாதிரி, இருட்டுல குறைஞ்சது பக்கத்து வெளிச்சத்துல கூடிருது. மொத்தம் அப்படியேதான் இருக்கு."

சுடர்க்கொடி கண்ணை மூடி யோசித்தாள். விளக்கு பச்சையானது. பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கொண்டாடினார்கள்.

அன்று மாலை முடிவு வந்தது. "கற்பித்தல் நிகழ்ந்தது. கற்றவர்: சுடர்க்கொடி. கற்பித்தவர்: ஜோவிட்டா." நியமன ஆணை அடிப்பதும் அதே இயந்திரம்தான். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வரும் கல்வியாண்டுக்கான ஆணையை ஜோவிட்டா பெயருக்கு அனுப்பிவிட்டது.

"எனக்கு வேண்டாம் மேடம்" என்று ஜோவிட்டா தேம்பினாள்.

சுடர்க்கொடிக்கு வலித்தது. வலியைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. அவள் ஜோவிட்டாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"வாங்கிக்கிடுட்டி. நான் வேற காலேஜ்ல வேலை தேடணும். அங்க எங்கிட்ட, உங்களுக்குச் சொல்லிக்குடுத்தவங்ககிட்ட நற்சான்று வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. நல்லபடியா நாலு வார்த்தை எழுதிக்குடு."