தோலுக்கடியில் திரும்பிய பெட்டி

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இனி என் சோற்றுக்குக் கருவாடு கிடைக்காமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மூலக்குளத்தில், மாடியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில். அங்கே இசிஜி எடுத்துக்கொண்டிருந்தவன் ராஜவேல். அடுத்தவர் உடம்பு என்றாலே அவனுக்கு அருவருப்பு. வேலையோ நாள் முழுக்க அடுத்தவர் நெஞ்சைத் தொடுவது. அன்று மத்தியானம் மெஷினிலிருந்து ஊர்ந்து வந்த காகிதத்தில் ஒரு சின்னப் பிசகைக் கண்டான். ஊசிகள் இருந்தன. இதயத்தைக் காணோம்.

படுத்திருந்தவர் கலியபெருமாள். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், அவருடைய பேஸ்மேக்கர் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது. அது ஒரு தட்டுத் தட்டினால் காகிதத்தில் ஊசிபோல ஒரு கோடு விழும். தட்டு வாங்கிய இதயம் துடித்து, கோட்டை ஒட்டி ஒரு மேடு எழும்பும். இங்கே கோடுகள் மட்டும் ஒழுங்காக விழுந்தன. மேடு தன் இஷ்டத்துக்கு, எங்கோ தூரத்தில் ஒன்று. வெளியே கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர் காதில் வாங்கவில்லை; அந்த மாதிரி.

"ஐயா, தலை சுத்துதா?"

"காலைல கக்கூஸ்ல வுழுந்துட்டேன் தம்பி. அதுக்குமேல கேக்காத, உனக்குச் சோறு எறங்காது."

கதவோரம் நின்ற அவர் மனைவி ஆதிலட்சுமி குறுக்கிட்டாள். "இவரு கை சும்மா இருந்தாத்தான? மில்லுல அறுந்த நூல முறுக்கி முறுக்கி ஒட்டவச்ச கை. இப்ப நூலு இல்ல. நெஞ்சுல இருக்கற பெட்டியப் புடிச்சித் திருவிக்கினே கெடக்கறாரு."

ராஜவேல், சாப்பிடப் போயிருந்த டாக்டருக்கு செல்லில் அடித்தான்.

"திருகித் திருகி ஒயர் இதயத்துலேந்து உருவிக்கினு வந்திருக்கும். ஆம்புலன்ஸ் அனுப்பறேன். அதுவரைக்கும் அவரு கையக் கட்டிட்டு, பெட்டி அசையாம நீ புடிச்சிக்கோ. இன்னும் திரும்புச்சின்னா ஆளு போயிடுவாரு. விட்டுடாத ராஜவேல்."

கையுறை டப்பா காலி. ஆதிலட்சுமி ஒரு துண்டைக் கிழித்துப் புருஷனின் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினாள். ராஜவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் கையை வைத்தான்.

வியர்வையும் ஜெல்லும் நரைமயிரும் ஒன்றாகக் குழைந்து, ஆறிய கூழின் ஆடைபோல அவன் உள்ளங்கையில் அப்பிக்கொள்ள, பெட்டிக்கு மேலிருந்த தோல் ஊதாவாக மெலிந்து மினுங்கி ஓர் ஓரத்தில் சின்ன வாய்போலத் திறந்து மஞ்சள் நீர் கசிய, அதிலிருந்து எழும்பிய புளித்த மாவும் பழைய செப்புக்காசும் கலந்த வாடையை, தலைக்குமேல் சுற்றிய ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் அவன் மூக்குக்கே திருப்பித் தந்தது. கீழே வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்துப் போனது.

உள்ளங்கைக்கு அடியில் பெட்டி நகர்ந்தது.

"ஐயா, ஆட்டாதீங்க."

"நானா? என் கை ரெண்டும் அங்க கெடக்குது பாரு."

பார்த்தான். கட்டியபடிதான் கிடந்தன.

பெட்டி திரும்பியது, சேற்றுக்குள் தவளை புரண்டு படுப்பதுபோல. அழுத்தினான். மறுபடியும் திரும்பியது. தோலுக்கடியில் மண்புழுவாக ஒயர் நெளிந்து வந்து சுருண்டது. நெஞ்சைக் கவ்வியிருந்த இசிஜி ரப்பர் குமிழ்கள் ஜெல்லில் வழுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துவந்து, மாட்டு உண்ணிகள்போல அவன் விரல்களைச் சுற்றி மொய்த்தன.

கையை எடுத்தால் கிழவர் செத்துவிடுவார். அவன் எடுக்கவில்லை.

பிறகு, எடுக்க வரவில்லை.

காகிதத்தில் மேடுகளின் இடைவெளி கூடியது. இன்னும் கூடியது. நின்றது.

"தம்பி, ஏன் இவரு கண்ணு கொட்டமாட்டேங்குது?" என்றாள் ஆதிலட்சுமி.

ஊசி. ஊசி. ஊசி.

அப்புறம் ஊசியை ஒட்டி ஒரு மேடு. அடுத்த ஊசிக்கும் ஒன்று. பாடப் புத்தகத்தில் போட்டதுபோலக் கச்சிதமாக. "துடிக்குது!" என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டையில் ஒரு குத்து. காகிதத்தில் மேடு. மறுபடி குத்து. மறுபடி மேடு.

கிழவரின் நெஞ்சு அசையவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் பெட்டி இல்லை. காலிப் பையாகத் தோல் மட்டும் தொளதொளத்தது. அவன் மணிக்கட்டில், தோலுக்கடியில், ஏதோ மேலே போய்க்கொண்டிருந்தது. முழங்கை. அக்குள். தோள். காறையெலும்புக்குக் கீழே வந்தது. இடம் பார்த்தது. புரண்டு படுத்தது.

அவனுடைய மற்றக் கை தானாக எழுந்தது. இரண்டு விரல்களால் அதைப் பிடித்தது. அறுந்த நூலை ஒட்டுவதுபோல, நிதானமாக, முறுக்கத் தொடங்கியது.

அந்தக் கலியபெருமாள் நான்தான். அன்று கிளினிக்குக்குப் போனது கால் ஆணி எடுக்க; என் நெஞ்சில் பெட்டியே கிடையாது.