பத்து மணி வீடியோ

செல்போன் அலறியது.

எடுக்க வேண்டியவன் தரையில் மல்லாந்து கிடந்தான். பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் சாய்ந்த ஏணி. கையில் பிரஷ்.

அக்கா எட்டிப் பார்த்தாள். வெளிநாட்டு எண். வாழ்த்தாகத்தான் இருக்கும்.

இருக்காதா பின்னே? இணையத்தில் தம்பிக்கு இருபது லட்சம் ரசிகர்கள்! கடல் தாண்டிய ஒரு மியூசியம் அவன் ஓவியங்களுக்கென்றே தனி அறை ஒதுக்கியிருப்பதாக அன்று காலைதான் அறிவித்திருந்தது.

அவன் ஓவியங்கள்...

அங்கேதான் சங்கதி. பதினோரு வருடமாக வரைந்தது எல்லாம் அக்கா! படம் முடியப் போகும்போது தம்பி சட்டை மாற்றி, தலை சீவி, கேமரா முன்னால் வந்து நாலு தீற்று தீற்றுவான். உலகம் உருகிவிடும். கூச்சக்காரி அவளே ஆரம்பத்தில் சொன்ன ஏற்பாடுதான்.

மியூசியத்திலாவது தன் பேர் வருமா என்று சற்று முன்புதான் கேட்டாள். அவன் சிரித்தான்.

"பதினோரு வருஷம் பொறுத்தே. பத்து மணி வரைக்கும் பொறுக்க மாட்டியாக்கா?"

அந்தச் சிரிப்புதான் வினை. தள்ளினாள். ஒரே தள்ளு... படம் நிறுத்தும் சட்டத்தின் இரும்புக் கால்...

இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தலையை மடியில் வைத்துக் கதறினாள். அதில் பொய்யில்லை. அப்புறம் எழுந்து ஏணியைச் சாய்த்தாள். அவன் விரல்களில் பிரஷைச் செருகினாள். அவனை ஓவியனாகக் காட்டுவது அவளுக்குக் கைவந்த வேலையாயிற்றே!

தெருமுனை ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் கழுத்தை நீட்டின.

"மேல்பக்கம் வரையும்போது கால் வழுக்கிடுச்சு சார்."

"எத்தனை மணிக்கும்மா?"

"ஒன்பதே கால் இருக்கும்."

எழுதிக்கொண்டார். தன் மகளும் தம்பியின் ரசிகை என்று வருத்தப்பட்டார். கிளம்பக்கூட எழுந்துவிட்டார்...

மணி பத்து.

"சார்," கான்ஸ்டபிள் தன் செல்போனை நீட்டினார். "இவரு இப்ப ஒரு வீடியோ போட்டிருக்காரு."

"செத்தவரா?"

"முந்தியே எடுத்து, நேரம் குறிச்சு வச்சிருக்காரு சார்."

திரையில் தம்பி. அதே சிரிப்பு.

"நான் ஒரு படம்கூட வரைஞ்சதில்லைங்க. எல்லாம் எங்க அக்கா. நான் வெறும் மூஞ்சி. உயரம்னாலே தலை சுத்தும், அந்த ஏணியில ஒரு படி ஏறினதில்லை. மியூசியத்துக்கும் எழுதிட்டேன், அந்த அறை அவ பேர்லதான் திறக்குது. அக்கா... இனிமே நீ முன்னால வந்து நில்லு."

அவள் அப்படியே தரையில் சரிந்தாள்.

"முக்கால் மணி நேரம்... வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதாடா..."

இன்ஸ்பெக்டர் ஏணியைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

"வரையவே தெரியாதவர் எதுக்கும்மா பிரஷோட ஏணியில ஏறினார்?"

 

அந்த அக்கா யார், எங்கே இருக்கிறாள் என்று இருபது லட்சம் பேர் தேட ஆரம்பித்தார்கள்.

போலீஸுக்கு மட்டும் அலைச்சல் மிச்சம்!