அன்ரனெற் வைத்த நேர்த்தி

“ஈஸ்டர் முடிஞ்சு ஒரு மாசமாச்சு... உன்ர வீட்டிலை இன்னும் தவக்காலமோ, அன்ரனெற்?”

விடிந்தும் விடியாததுமாய்ப் பிலோமினா சமையலறைக்கு வந்து சட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் கீரை, மற்றதில் கத்தரிக்காய். மீன் வாசமே இல்லை. மூடியை அவள் திரும்பப் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரன் எழும்பியிருப்பான்.

“இரவுக்கு மீன் இருக்கு, மச்சாள்.”

“பகல் முழுக்கப் பட்டினி போட்டிட்டு, படுக்கப்போற நேரம் மீன்! உதென்ன புதுமுறை? என்ர தம்பியின்ர கையைப் பார்... அந்த நடுக்கத்தைப் பார்! சத்தில்லாமல் நரம்பு தளருது!”

“மடுமாதாவுக்கு நேர்த்தி, மச்சாள்... பொழுதுபடுமட்டும் அவர் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் தொடமாட்டார்.”

பொய். அன்ரனெற்றின் வாழ்க்கையில் மாதாவின் பெயரால் சொன்ன ஒரே பொய் அதுதான். யேசுரட்ணத்துக்கு வந்திருப்பது பார்க்கின்சன் வருத்தம். “அக்காவுக்குச் சொல்லாதையும்... நெஞ்சு ஒப்பரேசன் செய்தவ, தாங்கமாட்டா” என்று அவர் மனைவியின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். குளிசை விழுங்கும் நேரத்தில் மீனோ இறைச்சியோ வயிற்றுக்குள் இருந்தால் குளிசை சரியாக வேலை செய்யாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து, அன்ரனெற் அவற்றை இரவுக்குத் தள்ளிவிட்டாள். அவர் பார்த்திருக்கத் தான் மட்டும் உண்பதா என்று தானும் பகலில் மீனை விட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கனடாவில் விட்பி நகரத்தில் மகன் வீட்டில் இருந்த பிலோமினா, தம்பியைப் பார்க்க வோபர்ன் அப்பார்ட்மென்ருக்கு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. வாய் சும்மா இருக்குமா? “பட்டினி போடுறாள்” என்ற கதை ரெக்ஸ்டேலில் உள்ள சொந்தக்காரர் வரை போய், அங்கே கையும் காலும் முளைத்து, கோயில் வாசலில் அன்ரனெற்றிடமே திரும்பி வந்தது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்ல எத்தனை வார்த்தை இருந்தது! வாக்குக் கொடுத்த வாயாச்சே...

இன்று பிலோமினா ஒரு முடிவோடுதான் சமையலறைக்கு வந்திருந்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை மகன் காரோடை வாறான். தம்பியை நான் விட்பிக்குக் கொண்டுபோறன். நீ உன்ர நேர்த்தியோடை இரு!”

அன்ரனெற் நினைத்துப் பார்த்தாள். எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் எப்படி முதல் அடி வைக்கச் செய்வது... அங்கே யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தாள். அதற்குள் அறையிலிருந்து ஏதோ விழுந்து உடையும் சத்தம்.

ஓடினார்கள். யேசுரட்ணத்தின் கழுத்தும் தோள்களும் தாமாகவே நெளிந்து முறுகிக்கொண்டிருந்தன. இது வழக்கமான நடுக்கம் இல்லை.

“ஐயோ... பார்! நீ போட்ட பட்டினிதான்! என்ர தம்பியைக் கொல்லுறாய்!”

அன்ரனெற் டாக்சிக்கு ஃபோன் எடுத்தாள்.

யேசுரட்ணத்தை வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் அவரைச் சோதித்துவிட்டு, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று கேட்டார். அன்ரனெற் இல்லை என்றாள். பிறகு மச்சாளுக்காக அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னாள். பிலோமினாவின் முகம் வெளிறியது. கைப்பையைத் துழாவி ஒரு சிறு டின்னை எடுத்து மேசையில் வைத்தாள்.

“பூனைக்காலி விதைத் தூள்... நரம்புத் தளர்ச்சிக்கு நல்லதெண்டு ஊரிலையிருந்து எடுப்பிச்சனான். இவள் காலமைப் பூசைக்குப் போற நேரம், பத்து நாளாப் பாலிலை கலந்து குடுத்தன்... தம்பி, சத்துமா எண்டுதானே உனக்குச் சொன்னனான்...”

டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. அந்த விதைக்குள் இருப்பதும் குளிசைக்குள் இருக்கும் அதே மருந்துதான், இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சியதால்தான் உடம்பு இப்படி முறுகுகிறது, தூளை நிறுத்தினால் அடங்கும் என்றார். அன்ரனெற் அதையும் மெல்லத் தமிழாக்கினாள்.

“அப்ப இது நரம்புத் தளர்ச்சி இல்லையோ? என்ன வருத்தம்?”

அன்ரனெற் கணவனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார்.

“நான் சொல்லுறன், அக்கா. பார்க்கின்சன். மூளைக்குள்ளை ஒரு புரதம் கட்டி கட்டியாத் திரளுதாம். போன வருசம், தொண்ணூற்றேழிலைதான் அது என்ன புரதம் எண்டே கண்டுபிடிச்சவையாம். வருத்தத்தை முழுக்க மாத்த இன்னும் மருந்தில்லை.”

“புரதமோ? அப்ப மீனாலையோ?”

“இல்லையக்கா. அது உடம்பே செய்யிற புரதம். மீன் குளிசையின்ர வழியைத்தான் மறிக்கும். அதுதான் இவ இரவுக்கு வைச்சவ. நேர்த்தியும் இல்லை, பட்டினியும் இல்லை... உனக்குச் சொல்லவேண்டாமெண்டு வாயைக் கட்டினது நான்தான்.”

டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். அன்ரனெற் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னவாம்?” என்றாள் பிலோமினா.

“ஒண்டுமில்லை, மச்சாள்.”

“ஒண்டுமில்லையோ!” யேசுரட்ணத்தின் குரலும் நடுங்கியது. “வருத்தம் வந்து ஆறு வருசமாகியும் நான் என்ர காலிலை நடக்கிறதுக்கு மருந்து பாதி, இவ பாதியாம். அதைத் தன்ர வாயாலை சொல்ல இவவுக்கு வெக்கம்!”

பிலோமினா நெஞ்சைப் பிடிக்கவில்லை, விழவும் இல்லை. எழுந்து போய் அன்ரனெற்றின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“எத்தினை பேச்சுப் பேசினன்... ஒரு சொல்லுத் திருப்பிச் சொன்னனியோ, பிள்ளை? என்னை மன்னிச்சுக்கொள்ளடி...”

“நீங்கள் அவரிலை வைச்ச பாசத்திலைதானே பேசினனீங்கள், மச்சாள்...” என்ற அன்ரனெற் மச்சாளின் தோளில் முகத்தை வைத்து, ஆறு வருட அழுகையையும் அழுதாள். டொக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

இரண்டு நாளில் உடம்பு அடங்கியது. சனிக்கிழமை பின்னேரம் பிலோமினா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் விட்பிக்கு, கார் வேண்டாம் என்று சொல்ல. பிறகு ரெக்ஸ்டேல். பிறகு கோயில்காரர் ஒவ்வொருவராக.

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன்... ஓம், நான்தான். எங்கட அன்ரனெற்றைப்போலை ஒருத்தி கிடைக்கமாட்டாள்... என்ன? இல்லை, முழுக்கக் கேளும், வைச்சிடாதையும்!”

“போதும் மச்சாள், விடுங்கோ” என்றாள் அன்ரனெற், வெட்கத்தில்.

“நீ சும்மா இரு. இன்னும் பதினொரு பேர் இருக்கினம்!” என்று பிலோமினா அடுத்த நம்பரைச் சுழற்றினாள்.